மயிலைப் பயமுறுத்த ஆள் தேடினேன்

அடிபட்ட காட்டுப் பிராணிகளைத் தேற்றித் திரும்பக் காட்டில் விடுகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. நான் பயிற்சி கொடுத்தவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு மயிலைக் கெடுத்தார்கள்.

எண்பதுகளின் தொடக்கம். திருத்தணி மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றிருந்தேன். பட்டணத்தில் இருந்த ஒரு பிராணிகள் சங்கம் என்னைப் பிடித்துக்கொண்டது. காட்டுப் பிராணியை வீட்டில் வைத்திருந்தால் குற்றம் என்று சட்டம் வந்துவிட்ட காலம் அது. அடிபட்டதை மட்டும், தேறும்வரை வைத்துக்கொள்ளலாம் என்று சிலருக்குக் காட்டிலாகா அனுமதிச் சீட்டு கொடுத்திருந்தது. எங்கள் பக்கத்தில் சீட்டு வாங்கியவர்கள் மூன்று பேர். கட்டுப் போடுவது, தீனி வைப்பது, கடைசியில் விடுவது, எல்லாம் நான் சொல்லித்தர வேண்டும்.

சொல்லித்தர என்ன இருக்கிறது? பேர் வைக்காதே. கையால் ஊட்டாதே. முகத்தைக் காட்டாதே. மனுஷனைக் கண்டால் ஓடத் தெரியாத பிராணி காட்டில் ஒரு வாரம் தாங்காது. கண்ணி வைக்கிறவனுக்கு வேலையே மிச்சம். அதுவே போய் அவன் மடியில் உட்காரும். இதைச் சொல்ல ஒரு பீடி பிடிக்கும் நேரம் போதும். அவர்கள் காதில் ஏற ஒரு வருஷம் போதவில்லை. யாருக்காவது எதையாவது கற்றுக்கொடுத்துத் தொலைத்தவர்கள் உங்களில் இருந்தால், மேலே படியுங்கள். மற்றவர்களுக்குப் புரியாது.

சைவ ஆந்தை

முதலில் சீட்டு வாங்கியது பள்ளிப்பட்டு கமலவல்லி டீச்சர். சயன்ஸ் டீச்சர் என்பதால் கொஞ்சம் நம்பிக்கை வைத்தேன். பள்ளிக்கூடக் கூரையிலிருந்து விழுந்த ஆந்தைக் குஞ்சு ஒன்றை எடுத்துவந்து வைத்திருந்தார். போய்ப் பார்த்தால் குஞ்சு துவண்டு கிடக்கிறது. பக்கத்தில் கிண்ணத்தில் தயிர்சாதம். அதன் மேல் கடுகு தாளித்திருந்தது.

"டீச்சர், இது எலி தின்கிற ஜாதி" என்றேன். "எங்க வீட்ல முட்டையே வாங்கறதில்ல சார்" என்றார். எலி வேண்டுமென்று அரிசி மில் அரிசி மில்லாக நான் அலைந்தேன். இந்த வயதில். குஞ்சு பிழைத்துப் பறந்தும் போனது. ஆனால் டீச்சருக்கு என் மேல்தான் வருத்தம். "அவசரப்பட்டுட்டீங்க சார். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா அதுவே சைவத்துக்கு வந்திருக்கும்."

டிராக்டர்

மயில் வந்தது மாசி மாதம், கரும்பு வெட்டு நேரம். திருவாலங்காடு பக்கம் கரும்பு ஏற்றிக்கொண்டு வந்த டிராக்டரில் அடிபட்டு, ஒரு கால் முழங்காலுக்குக் கீழே முறிந்துவிட்டது. டிரைவர் நல்லவன். லுங்கியை அவிழ்த்து அதில் மயிலைச் சுற்றி, வெறும் டிராயரோடு பஸ் ஏறி என்னைத் தேடி வந்துவிட்டான். நீண்ட தோகையுள்ள ஆண் மயில். மூங்கில் பத்தை வைத்துக் கட்டினேன். என் கையை இரண்டு இடத்தில் கிழித்தது. எனக்குச் சந்தோஷம். அன்றைக்கு அது காட்டு மயில்.

கட்டி முடிக்கும்வரை டிரைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டே நின்றான். கால் கூடுமா, நடக்குமா என்று கேட்பான் என்று பார்த்தேன். கடைசியில் வாயைத் திறந்தான். "முருகன் வாகனத்தப் போயி இடிச்சுட்டேனே சார், இந்த வருஷம் எனக்குக் கல்யாணம் ஆவுமா?"

தேங்காய்க் கடை

மயிலை மலையடிவாரம் தணிகாசலத்திடம் கொடுத்தேன். படிக்கட்டு ஆரம்பிக்கிற இடத்தில் தேங்காய், கற்பூரம், மாலை விற்கிறவர். சீட்டு வைத்திருந்தார், கடைக்குப் பின்னால் நல்ல கொட்டகையும் இருந்தது. நாலு பக்கமும் பாய் கட்டி மறைக்கச் சொன்னேன். தட்டை வைத்துவிட்டு வந்துவிட வேண்டும், உள்ளே நிற்கக்கூடாது என்றேன். எல்லாவற்றுக்கும் ஆங், ஆங் என்றார்.

பதினைந்து நாள் கழித்துப் போனேன். பாயைக் காணோம். மயிலின் கழுத்தில் கதம்ப மாலை. நெற்றிக்கு மேலே விபூதி. தட்டில் பஞ்சாமிர்தம். மலை ஏறுகிறவர்கள் எல்லாரும் வரிசையாக நின்று பொரி நீட்டுகிறார்கள், மயில் ஒவ்வொரு கையாகக் கொத்திக்கொண்டே வருகிறது. கடையில் கற்பூர வியாபாரம் அமோகம். அதை வியாபாரத்துக்காகச் செய்தார் என்று சொல்ல மாட்டேன். அந்த ஆள் நிஜமாகவே கும்பிட்டார். அதுதான் இன்னும் மோசம். வியாபாரம் என்றால் திட்டி நிறுத்தலாம். கும்பிடுகிறவனை என்ன செய்வது? வாய்க்கு வந்தபடி கத்தினேன். தணிகாசலம் கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். "ஏன் கம்பவுண்டரே, சாமி வாகனத்துக்கு மூஞ்சியக் காட்டாம திருடன் மாதிரி சோறு வெக்கச் சொல்றீங்களே, நீங்க கோயிலுக்குப் போற ஜாதிதானா?"

நல்ல நேரம்

சித்திரையிலேயே கால் கூடிவிட்டது. விட்டுவிடலாம் என்றேன். கத்திரி வெயிலில் எவனாவது அனுப்புவானா என்றார் தணிகாசலம். அது முடிந்தது. அஷ்டமி வந்தது. பிறகு அவருக்குச் சந்திராஷ்டமம் வந்தது. மயிலுக்கு ஜாதகம் இல்லாதது ஒன்றுதான் குறை. கடைசியில் வைகாசி விசாகத்தன்று, மேளம் வைத்து, மலைக்குப் பின்பக்கம் புதரில் கொண்டுபோய் விட்டோம். விட்டோம் என்றால் கூடையைத் திறந்தோம். மயில் இறங்கி, மேளக்காரர் பக்கத்தில் போய் நின்றுகொண்டது. எல்லாரையும் விரட்டி அனுப்பிவிட்டு நானும் வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆள் வந்தது. ஓடினேன். டீக்கடை பெஞ்சின் மேல் மயில் உட்கார்ந்திருக்கிறது. பஸ்ஸுக்கு நிற்கிற ஜனம் முழுக்கச் சுற்றி நிற்கிறது. ஒருவன் அதன் தலையைத் தடவுகிறான். அது கண்ணை மூடிக்கொள்கிறது. மாசியில் என் கையைக் கிழித்த அதே மயில். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் சலித்துக்கொண்டார். "பன்னு துன்றது பரவால்ல சார், சாமி. ஆனா டீயில தோச்சுக் குடுத்தாதான் துன்னுவேன்னு அடம் புடிக்குது."

ஆடிக் கிருத்திகை

அதைச் சொல்லவே எனக்கு மனசு இல்லை. 

ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆந்திராவிலிருந்தும் இந்தப் பக்கமிருந்தும் காவடி காவடியாக வந்துகொண்டே இருக்கும். காவடிக்கு மயிலிறகு வேண்டும். பஸ் ஸ்டாண்டிலிருந்து பிடித்து வந்த மயில் மறுபடி தணிகாசலத்தின் கொட்டகையில் இருந்தது. உதிர்வதை எடுத்துக் கொடுப்பதில் என்ன தப்பு என்று முதலில் அவர் நினைத்தார். ஆடியில் தோகை உதிர ஆரம்பிக்கும்தான். ஆனால் கூட்டம் உதிரும்வரை காத்திருக்குமா? அவர் கடையில் தேங்காய் எடுத்துக் கொடுத்துக்கொண்டு இருந்தபோது கொட்டகைக்குள் புகுந்துவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது பாதித் தோகை இல்லை. பிடுங்கிய இடத்தில் ரத்தம். அதைச் செய்தவர்கள் யாரும் ராட்சதர்கள் இல்லை. இடுப்பில் மஞ்சள் துணி கட்டி, விரதம் இருந்து, செருப்பில்லாமல் நடந்து வந்தவர்கள்.

என்னைக் கொதிக்க வைத்தது அதுகூட இல்லை. பிடுங்கும்போது அந்த மயில் ஓடவில்லை. ஒவ்வொரு கையையும், பொரி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றது. நான் குச்சியைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்ந்தேன். எல்லாரும் சிதறினார்கள். ஒரு அம்மா மட்டும் நகரவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊர். மொட்டை அடித்த தலையில் சந்தனம். என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். "ஒண்ணே ஒண்ணு குடு நைனா. அதுக்கு மறுபடி மொளைக்கும், எனக்கு மறுபடி இங்க வர ஆவாது."

பயம் இல்லாத வளர்ப்பு

அன்றைக்கே மயிலை எடுத்துக்கொண்டு பள்ளிப்பட்டுக்குப் போனேன். கமலவல்லி டீச்சரிடம் விட்டேன். தயிர்சாதம் வேண்டாம், மாலை வேண்டாம், கூட்டம் வேண்டாம் என்று மூன்றையும் சொன்னேன். டீச்சர் அந்த மூன்றையும் செய்யவில்லை. வேறு ஒன்றைச் செய்தார். பாவம், அடிபட்டு, இறகு பிடுங்கப்பட்டு, மிரண்டுபோயிருக்கும் என்று அவராகவே முடிவு செய்துகொண்டு, தினமும் சாயங்காலம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்தினார். பள்ளிக்கூட மணி அடித்ததும் தின்னக் கம்புத் தானியம் போட்டார். பிறகு மணி அடித்தால் மயில் வகுப்புக்கே வர ஆரம்பித்தது. இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த அதிகாரி அதன் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாராம்.

ஆவணி நடுவில் காட்டிலாகா ரேஞ்சர் என்னோடு வந்து பார்த்தார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. பொறுத்திருந்தவர்தான். மயில் நேராக வந்து அவர் பூட்ஸைக் கொத்தியது. அவர் முகம் மாறியது. புரட்டாசி முடிவதற்குள் இது மனுஷனைக் கண்டு ஓட வேண்டும், இல்லையென்றால் பட்டணத்து மிருகக்காட்சிசாலைக்கு அனுப்பிவிட வேண்டியதுதான், மிச்ச ஆயுசு முழுக்கக் கூண்டு, வேறு வழி இல்லை என்றார். டீச்சருக்கு அவர் சொன்னது பாதிதான் காதில் விழுந்திருக்க வேண்டும். முகம் மலரச் சொன்னார்: "பயம்னா என்னன்னே தெரியாம வளத்திருக்கேன் சார்!"

கல்லெறிப் பயிற்சி

சீட்டு வைத்திருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டேன். இந்த ஒரு நாள் மட்டும் மயிலை நல்லபடி பார்த்துக்கொள்ள வேண்டாம், பயமுறுத்துங்கள் என்றேன். தகர டப்பா கொடுத்தேன், தட்டச் சொன்னேன். டீச்சர் தாளத்தோடு தட்டினார். மயில் கழுத்தை ஆட்டிக் கேட்டது. கத்தச் சொன்னேன். "போ கண்ணு" என்றார். பக்கத்தில் விழுகிற மாதிரி ஒரு மண்ணாங்கட்டியாவது எறியுங்கள் என்றேன். யாரும் கை தூக்கவில்லை. நான் எறிந்தேன். நான் கம்பு போடுகிறேன் என்று நினைத்து மயில் ஓடிப்போய் அதைக் கொத்தியது.

கடைசியில் தணிகாசலம் கிழக்கே பார்த்து நின்று, கண்ணை மூடி என்னமோ முணுமுணுத்துவிட்டு, ஒரு சின்னக் கல்லை எடுத்தார். எறிந்தார். அது அவர் காலடியிலேயே விழுந்தது. உடனே மடியிலிருந்து தேங்காயை எடுத்து அதே கல்லின் மேல் அடித்து உடைத்தார். பரிகாரமாம். தயாராகக் கொண்டுவந்திருக்கிறார். மயில் தேங்காய்த் துண்டைத் தின்றது. நான் அந்த இடத்திலேயே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். தணிகாசலம் என் தோளைத் தட்டினார். "மனசு ஒடயாதீங்க கம்பவுண்டரே, பயமெல்லாம் நமக்குத்தான். அதுக்கு முருகன் இருக்காரு."

பாவு

மிச்சம் இருந்த ஒரே ஆள் பொதட்டூர்பேட்டை ஏகாம்பரம். தறிக்காரர். அமைதியான மனுஷன். வீட்டுக்குப் பின்னால் கொல்லையும் அதற்கு அப்பால் முள்ளுக்காடும் இருந்தன. மயிலைப் பகலில் கொல்லையில் திறந்துவிடுங்கள், புழு பூச்சியை அதுவே தேடட்டும், நீங்கள் எட்டிப் பார்க்காதீர்கள் என்றேன். அவர் சொன்னபடி செய்தார். மயில் செய்யவில்லை. ஆள் சத்தம் எங்கே கேட்கிறதோ அங்கே சோறு என்று அதற்குப் பழகிவிட்டது. கொல்லையைச் சுற்றிக்கொண்டு நேரே தெருவுக்கு வந்தது.

நான் பார்க்கப் போயிருந்த அன்று தெருவில் பாவு போட்டிருந்தார்கள். நெய்வதற்கு முன்னால் நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, வெயில் ஏறுவதற்குள் உலர்த்துவது. ஒரு நூல் அறுந்தால் தேடிப் பிடித்து முடிச்சுப் போட வேண்டும். அந்தப் பாவு எதிர்வீட்டு மங்கம்மாவுடையது. ஏகாம்பரத்தின் கொழுந்தி, அக்கா புருஷன் என்று அவரை பாவா என்றுதான் கூப்பிடுவாள். தீபாவளிச் சரக்கு. மயில் பாவின் மேல் ஏறி நடந்துகொண்டே கஞ்சிப் பருக்கையைப் பொறுக்கியது. நூல் பட் பட்டென்று அறுகிற சத்தம் எனக்கே கேட்டது.

மங்கம்மா திரும்பினாள். நான் அப்படி ஒரு கத்தலை என் சர்வீஸில் கேட்டதில்லை. "அய்யோ என் பாவு! கட்டையில போறதே, ஒன் கொண்டயில கொள்ளி வெக்க!" கையில் இருந்த வாளியைக் கஞ்சியோடு வீசினாள். தடியைத் தூக்கிக்கொண்டு துரத்தினாள். மயில் அகவியதை அன்றுதான் பல மாதத்துக்குப் பிறகு கேட்டேன். முகமெல்லாம் கஞ்சி வழிய, எழும்பிப் பறந்து, புளியமரத்து உச்சிக்குப் போய்விட்டது. தெரு முழுக்கக் கூடிவிட்டது. பாவம், பாவம் என்கிறார்கள். சாமி வாகனத்தை அடிக்கலாமா என்று ஒரு பெரியவர் கேட்டேவிட்டார். மங்கம்மா இடுப்பில் கை வைத்தாள். "சாமி வாகனம்னா சாமி ஏறிகினு போவட்டும். என் பாவு மேல அதுக்கு இன்னா வேல?"

வேண்டுகோள்

நான் அவளிடம் போனேன். அவள் அறுந்த நூலை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர். தலையை நிமிர்த்தாமலே, "இன்னா சார், போலீசுக்குச் சொல்லப் போறியா? சொல்லிக்கோ" என்றாள். ஏகாம்பரம் குறுக்கே வந்து, "என் கொழுந்தி வாய் அப்படி சார், மனசுல வெச்சுக்காதீங்க" என்று இழுத்தார். அவரை ஒதுங்கச் சொன்னேன்.

"அம்மா, நாளைக்கும் இப்படியே செய்யணும்" என்றேன். "நாளான்னைக்கும். இந்த மாசம் முடியற வரைக்கும். மேல அடி படக்கூடாது. மத்தபடி உன் இஷ்டம்." அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பைத்தியமா என்று ஏகாம்பரத்தைக் கண்ணால் கேட்டாள். ஏன், எதற்கு என்று சொன்னேன். கூண்டைச் சொன்னேன், கண்ணியைச் சொன்னேன். அவள் அதையெல்லாம் கேட்டுக்கொண்டாளா என்பதே எனக்குச் சந்தேகம். அறுந்த நூலைத் தூக்கிக் காட்டினாள். "இத்த நீ வந்து கேக்கணுமா? நீ வேணாம்னு கால்ல வுழுந்தாலும் தொரத்துவேன்."

சட்டை

சொன்னபடி துரத்தினாள். பாவு போடுகிற நாளிலும் துரத்தினாள், போடாத நாளிலும் துரத்தினாள். ஒரு வாரத்தில் அவள் தலை தெரிந்தாலே மயில் முள்ளுக்காட்டுக்குள் போனது. பிறகு புடவை கட்டிய யாரைக் கண்டாலும் போனது. ஆனால் ஆம்பிளைகளைக் கண்டால் கிட்டத்தான் வந்தது. தெருவில் இருந்த ஆம்பிளை எவனும் அதை விரட்டத் துணியவில்லை. ஒருத்தனுக்குக் கிருத்திகை விரதம், ஒருத்தனுக்குப் பெண்டாட்டி முழுகாமல் இருக்கிறாள், ஒருத்தன் போன வருஷம்தான் வேண்டிக்கொண்டு காவடி எடுத்தவன். பார்க்க வரப்போகிற ரேஞ்சரோ ஆம்பிளை. நான் போய் மங்கம்மாவிடம் நின்றேன்.

 அவள் நேரே எதிரே இருந்த அக்கா வீட்டுக்குள் போனாள். கொடியில் கிடந்த ஏகாம்பரத்தின் சட்டையை மாட்டி, அவர் லுங்கியை மடித்துக் கட்டி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். தெருவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. தகரத்தைத் தட்டிக்கொண்டு, முள்ளுக்காட்டு ஓரம் வரைக்கும் மயிலை விரட்டிவிட்டு வந்தாள். மறுநாளும் அதே வேஷம். நாலைந்து நாள் கழித்து ஏகாம்பரம் தட்டோடு நடுக்கொல்லையில் நின்றுகொண்டிருந்தார். மயில் தூரத்து வேலி மேல். "என்னக் கண்டும் ஓடுது சார்" என்றார், அழாத குறையாக. "அவ போட்டுகினு போனது என் சட்ட. நான் இன்னா சார் பண்ணேன்?"

கூடையைத் திறந்தபோது

புரட்டாசிக் கடைசியில் ரேஞ்சர் வந்தார். கொல்லைக்குள் காலை வைத்தார். அவ்வளவுதான், மயில் வேலி தாண்டிப் போய்விட்டது. திரும்பப் பிடிக்க வலை தேவைப்பட்டது. என் கையை மறுபடி கிழித்தது. எல்லையோரம் குன்று பக்கம் கொண்டுபோனோம். தணிகாசலமும் வந்திருந்தார். மேளம் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். மாலையைத் துண்டுக்குள் மறைத்து எடுத்து வந்திருந்தார்.

கூடையைத் திறந்தேன். தோகை இல்லாத மொட்டை மயில். ஒரு நொடி நின்றது. எங்களைப் பார்த்தது. பார்த்த மாத்திரத்தில் எழும்பி, புதர், பாறை எல்லாவற்றையும் தாண்டிப் போய்விட்டது. எங்களில் ஒருத்தரும் அதற்கு வேண்டாம். நான் அத்தனை மாதத்தில் அன்றுதான் சிரித்தேன் என்று பிறகு ரேஞ்சர் சொன்னார். தணிகாசலம் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் குன்றையே பார்த்துக்கொண்டு நின்றார். "அவ்ளோ செஞ்சேன் கம்பவுண்டரே. கொள்ளிக்கட்டயப் பார்க்கற மாதிரி என்னப் பார்த்துட்டுப் போவுதே."

பட்டணத்துச் சங்கம் எங்களுக்கெல்லாம் சால்வை போர்த்தியது, எனக்கு, தணிகாசலத்துக்கு, டீச்சருக்கு, ஏகாம்பரத்துக்கு. போர்த்திக்கொண்டோம், வெட்கமில்லாமல், ஏனென்றால் அந்த மயிலை உண்டு இல்லை என்று ஆக்கியவர்கள் நாங்கள்தான், அதை மறுபடி மயிலாக்கியவள் பொதட்டூர்பேட்டை மங்கம்மா.